நரைத்த பிறகும் காதல்

தமிழ் சினிமாவில் காதல் என்றாலே காலேஜ், டூயட்... ஆனால் நரைத்த பிறகு வரும் காதலுக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு.

1985-ல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' வந்தது. மனசு ஒட்டாத கல்யாணத்தில் வாழும் ஊர்ப் பெரியவராக சிவாஜி, பரிசல் ஓட்டும் பெண்ணாக ராதா. அங்கே தடையாக நின்றது ஊர் வாய்.

1990-ல் வசந்த் எடுத்த 'கேளடி கண்மணி'யில் தடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மனைவியை இழந்த எஸ்.பி.பி.யும் டீச்சர் ராதிகாவும் சேர நினைக்கிறார்கள். குறுக்கே நிற்பது அவருடைய சின்ன மகள்!

1996-ல் பாரதிராஜாவே மறுபடியும் 'அந்திமந்தாரை' எடுத்தார். விஜயகுமாரும் ஜெயசுதாவும் நடித்த அந்தப் படம் தேசிய விருது வாங்கியது.

2017-ல் தனுஷ் இயக்கிய 'ப.பாண்டி'. மகன் வீட்டிலிருந்து பைக்கில் கிளம்பும் ராஜ்கிரண், பழைய காதலியைத் தேடிப் போகிறார். காதலியாக வந்தவர் 1983-ல் 'மண்வாசனை'யில் அறிமுகமான ரேவதி. 1985-ல் பெரியவருக்கு ஜோடி ஓர் இளம்பெண். 2017-ல் ஜோடிக்கும் அதே வயசு. வயசான பெண்ணுக்கும் மனசு உண்டு என்று சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பிள்ளைகள் காதலித்தால் பெற்றோரிடம் சம்மதம் கேட்பார்கள். 'கேளடி கண்மணி'யில் அது தலைகீழ். அப்பா மகளிடம் கேட்டு நிற்கிறார். நிஜத்தில் அப்படிக் கேட்கும் தைரியம் எத்தனை அப்பாக்களுக்கு, அம்மாக்களுக்கு இருக்கும்? "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள்தானே அதிகம்...