கோல்ஃப் பந்தில் குழிகள் வந்த கதை

புளியந்தோப்பிலும் அதையடுத்த வியாசர்பாடியிலும் மாலை வேளையில் கால்பந்து ஆடும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். சுவர்போல் நிற்கும் எதிரணியினரைச் சுற்றி வளைந்து செல்லுமாறு பந்தை உதைக்க அவர்களுள் சிலருக்குத் தெரியும். கோல்ஃப் மட்டையைத் தொட்டவர்களை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆயினும், கால்பந்தை வளைக்கும் அதே இயற்பியல் விதிதான் கோல்ஃப் பந்தை வானில் தாங்கிப் பிடிக்கிறது.

கோல்ஃப் கற்க வரும் புதியவர் மட்டையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார். நாம் பந்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்போம். எலுமிச்சை அளவுள்ள அந்தப் பந்தின் மேல் எதற்காக முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு குழிகள்? வழவழப்பான பந்தல்லவா காற்றைக் கிழித்துக்கொண்டு விரைவாகச் செல்ல வேண்டும்?

இறகுப் பந்தும் பிசின் பந்தும்

கோல்ஃப் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து. அங்கே நெடுங்காலம் வழங்கியது இறகுப் பந்து. தோலைத் தைத்துப் பையாக்கி, அதனுள் வேகவைத்த வாத்து இறகுகளைத் திணித்துக் கெட்டியாக்குவார்கள். கைதேர்ந்த தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய முடியும். ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தால் பந்து கெட்டுவிடும்.

1840-களில் மலேயாக் காடுகளிலிருந்து கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசின் ஐரோப்பாவுக்கு வந்தது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். கீழ்நாட்டிலிருந்து வந்த திருமால் சிலை ஒன்று உடையாதிருக்க அதைச் சுற்றி இப்பிசினை அடைத்திருந்தார்கள் என்றும், அதை உருட்டித்தான் ராபர்ட் பேட்டர்சன் என்பவர் முதல் பிசின் பந்தைச் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், பிசின் பந்து மலிவாகக் கிடைத்ததும் எளியவர்களும் ஆட வந்தார்கள்.

இப்பிசினுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. கம்பிக்குள் உப்பு நீர் புகாமல் காத்தது இதே கட்டாபெர்ச்சாதான். அதற்காகக் காடு காடாக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன என்பது வருந்தத்தக்க செய்தி.

புதுப்பந்து சிலர் பிழைப்பையும் அசைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இறகுப் பந்து செய்துவந்த ஆலன் ராபர்ட்சன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் வேலை செய்த டாம் மாரிஸ் பிசின் பந்தால் ஆடியது தெரிந்ததும் இருவரும் பிரிந்தனர். பின்னர் ராபர்ட்சனும் பிசின் பந்துக்கே மாறினார்.

வடுக்கள் கற்பித்த பாடம்

வழவழப்பான புதிய பிசின் பந்து சற்றுத் தூரம் சென்று தொப்பென்று விழுந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தோ நெடுந்தூரம் பறந்தது! காரணம் எவருக்கும் தெரியவில்லை. ஆயினும் ஆட்டக்காரர்கள் கண்டதை நம்பினார்கள். புதுப் பந்தையும் சுத்தியலால் கொத்தி வடுப்படுத்தினார்கள். பிறகு வரிகளும் முண்டுகளும் கொண்ட அச்சில் வார்த்தார்கள். 1905இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த வில்லியம் டெய்லர், முண்டுகளைவிடக் குழிகளே சிறந்தவை என்று கண்டு காப்புரிமை கோரினார். அவர் தொழில் கண்ணாடி வில்லைகள் செய்வது!

எடின்பரோப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் இதைக் கணக்கில் கொண்டுவந்தார். சுழற்சி ஆட்டத்தைக் கெடுக்கும் என்றே இளமையில் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. பந்தின் பின்சுழற்சியே அதைத் தாங்குகிறது என்று 1890-களில் அவர் நிறுவினார். அவர் மகன் ஃபிரெடெரிக் 1896, 1898 ஆண்டுகளில் பிரிட்டனின் அமெச்சூர் வாகையர். எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனும் 1910இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கோல்ஃப் பந்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மின்துகள் கற்றையைக் காந்தத்தால் வளைத்து, பந்தின் பாதையை அவையோருக்குக் காட்டினார்.

காற்றில் நடப்பது என்ன?

பறக்கும் பந்தை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. வழவழப்பான பந்தில் இப்படலம் விரைவிலேயே பந்தைவிட்டு விலகிவிடுகிறது. பின்புறம் அழுத்தம் குறைந்த அகன்ற சுழல்வெளி உண்டாகி, பந்தைப் பின்னோக்கி இழுக்கிறது. குழிகள் அப்படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தோடு இன்னும் சிறிது தூரம் ஒட்டிச் செல்கிறது. பின்னே உள்ள சுழல்வெளி குறுகுகிறது. இழுவை ஏறக்குறைய பாதியாகிறது.

பின்சுழற்சி உள்ள பந்து, தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் பெயரால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது.

புதிதாகக் கற்பவர் இடறுவதும் இங்கேதான். பந்தை உயர்த்த வேண்டும் என்று எண்ணி, மட்டையால் அதைக் கீழிருந்து அள்ளப் பார்க்கிறார். பந்து தரையில் உருள்கிறது. மட்டையின் முகம் ஏற்கனவே சாய்வாக உள்ளது. தரையில் கிடக்கும் பந்தின்மேல் மட்டை சற்றுக் கீழிறங்கிப் பட்டால் போதும். உயரத்தையும் பின்சுழற்சியையும் அச்சாய்வே தந்துவிடும். மட்டை வீசும் திசைக்கு அதன் முகம் நேராக இல்லாவிட்டால் சுழலச்சு சாயும். பந்து பக்கவாட்டில் வளைந்தோடும்.

பை சுமந்தவர்கள்

இவ்விளையாட்டு நம் நாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829, பெங்களூரில் 1876, கோடைக்கானலில் 1895 எனக் கழகங்கள் தோன்றின. ஆங்கிலேயர் ஆடினர், நம்மவர் பெரும்பாலும் மட்டைப் பையைச் சுமந்தனர். சுமந்தவர்கள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். டெல்லியில் பை சுமந்த அலி ஷேர் 1991இலும், பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009இலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார்கள். திடலின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. கவனித்துப் பார்க்கும் கண்ணை மட்டும் யாராலும் அடைக்க முடியவில்லை.

அத்தகைய கவனிப்பை நீங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு தாளை மூன்று விரல் பருமனுள்ள குழாயாகச் சுருட்டி ஒட்டுங்கள். மேசைமேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, குழாயை உருண்டு விழ விடுங்கள். அது மேசையைவிட்டு விலகி விழும் என்றுதானே எண்ணுவீர்கள்? மாறாக, மேசையின் அடிப்பக்கம் நோக்கி வளைந்து விழும். கோல்ஃப் பந்தின் சுழற்சிக்கு இது நேர்மாறான சுழற்சி. எனவே விசையின் திசையும் நேர்மாறு. கனமான குழாயில் வளைவு ஏன் குறைகிறது என்பதையும் செய்து பார்த்துச் சிந்தியுங்கள்.