பாக்கின் முழுப் பதிவுகள்: பட்டியல், பாடல், தெரிவு

1. ஆய்வுப் பொருள்

யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750) இயற்றியவை அனைத்தையும் ஒலிப்பதிவாக ஒருவர் வீட்டில் வைத்திருப்பது அரை நூற்றாண்டுக்கு முன்பு நடவாத காரியம். இன்று பணமும் அலமாரியில் இடமும் இருந்தால் போதும். 2000ஆம் ஆண்டையொட்டி ஹென்ஸ்லர் நிறுவனம் 172 குறுந்தகடுகளில் ஒரு முழுத்தொகுப்பை வெளியிட்டது. 2018இல் டாய்ச்ச கிராமஃபோன் முன்னின்று கொண்டுவந்த 'பாக் 333' பெட்டியில் 222 குறுந்தகடுகள். ஆள் ஒருவர்தான், அவருடைய இசையும் ஒன்றுதான். வித்தியாசமோ ஐம்பது தட்டு. முழுத்தொகுப்பின் எல்லையைத் தொகுப்பாளரே வகுக்கிறார் என்பதையும், அந்த எல்லையைச் சேகரிப்பவர் தாமே வகுத்துக்கொள்வது நல்லது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. பட்டியல்

எல்லாத் தொகுப்புகளுக்கும் அடிப்படை, வொல்ஃப்காங் ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட பட்டியல். பி.டபிள்யூ.வி. எண் என்று நாம் குறிப்பது அதைத்தான். மோட்சார்ட்டுக்கான கேஷல் பட்டியல் கால வரிசையில் செல்ல, ஷ்மீடர் வகை வாரியாக அடுக்கினார். முதலில் கன்டாட்டாக்கள் (குரலும் கருவிகளும் சேர்ந்த பல பகுதிப் பாடல்கள்), பிறகு மற்றவை. ஆகவே எண் பெரிதாக இருப்பதால் பிற்காலப் படைப்பு என்று கொள்ள முடியாது.

பட்டியல் அசையாமல் நிற்பதுமில்லை. 15ஆம் எண் கன்டாட்டா உறவினரான யோகான் லூட்விக் பாக்குடையது. 160ஆம் எண் டெலிமானுடையது. பியானோ பழகும் குழந்தைகள் உலகெங்கும் பாக்கின் பெயரில் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட், கிறிஸ்தியான் பெட்சோல்ட் எழுதியது. மறுபுறம் புதியவையும் வந்து சேர்கின்றன. 2005இல் வைமார் நூலகத்தில் கிடைத்த தனிப்பாடலுக்கு 1127 என்ற எண் தரப்பட்டது. 2000இல் வந்த எந்தப் பெட்டியிலும் அது இருக்க வழியில்லை. 2025இல் மேலும் இரண்டு ஆர்கன் படைப்புகள் 1178, 1179 என்ற எண்களைப் பெற்றன. உலகம் முழுக்கத் தெரிந்த டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும் (565) உண்மையில் பாக்குடையவைதானா என்று ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அதை விட்டுவிட்டுப் பெட்டி விற்கத் துணியும் நிறுவனம் இல்லை!

இழப்பின் அளவு இதைவிடப் பெரிது. பாக் ஐந்து ஆண்டுகளுக்கான கன்டாட்டா வரிசைகளை எழுதினார் என்கிறது 1754இல் அச்சான இரங்கற் குறிப்பு. நம்மிடம் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 200. 1731இல் பாடப்பட்ட மாற்கு பாஷனின் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் படைப்பு) பாடல் வரிகள் கிடைக்கின்றன, இசை கிடைக்கவில்லை. வேறு கன்டாட்டாக்களின் இசையைப் பொருத்தி அதை மீட்டமைத்த பதிவுகளைச் சேகரிப்பில் தனியாக வைப்பதே முறை.

3. கன்டாட்டாக்கள்

முழுமை என்ற ஆசை சோதனைக்கு உள்ளாவது இங்கேதான். இவை மட்டுமே ஏறக்குறைய அறுபது குறுந்தகடுகளுக்கு நீள்கின்றன.

நிக்கோலாஸ் ஹர்னோன்கூர்ட்டும் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு 1971 முதல் 1989 வரை டெல்டெக் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தனர். பாக் காலத்து இசைக்கருவிகள். மேல்குரலுக்குப் பெரும்பாலும் சிறுவர்கள். லைப்சிக் தேவாலயத்தில் பாக்கிடம் பாடியவர்களும் பள்ளிச் சிறுவர்களே. சில இடங்களில் சுருதி தள்ளாடுகிறது, மூச்சு போதவில்லை. அப்படியிருந்தும், ஒவ்வொரு வாரமும் புதிய பாடலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கி ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றிய ஒரு தொழிலாளியின் நெருக்கடி இந்தப் பதிவுகளில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்பதில்லை. இசைத்தட்டாக வந்தபோது முழு இசைக்குறிப்பையும் உடன் தந்தார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஹெல்முத் ரில்லிங், ஷ்டுட்கார்ட்டில் நவீனக் கருவிகளையும் பெண் குரல்களையும் கொண்டு, பாக்கின் முந்நூறாவது பிறந்த ஆண்டான 1985இல் தமது வரிசையை முடித்தார். ஹென்ஸ்லரின் பெட்டியில் இருப்பது அதுதான்.

அடுத்த இருவரின் கதை சேகரிப்பவருக்கு முக்கியமானது. டோன் கூப்மனின் வரிசையை எராட்டோ நிறுவனம் நடுவழியில் கைவிட்டது. அவர் சொந்த நிறுவனம் தொடங்கி மீதியை முடித்தார். ஜான் எலியட் கார்டினர் 2000ஆம் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஞாயிறுக்குரிய கன்டாட்டாவை அந்தந்த நாளில் நிகழ்த்தினார். வெளியிடுவதாக இருந்த பெரிய நிறுவனம் பின்வாங்கியதும் அவரும் தனி நிறுவனம் அமைத்தார். பெரிய நிறுவனங்களின் நீண்ட வரிசைகளை நம்பி முதல் தொகுதியை வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மசாக்கி சுசுகி, ஜப்பானின் கோபே நகரக் கல்லூரித் தேவாலயம் ஒன்றில் 1995 முதல் 2013 வரை சமயக் கன்டாட்டாக்களை 55 தொகுதிகளில் பதிந்தார். ஒரே இடம், ஒரே தலைவர், ஒரே சிறிய நிறுவனம். வரிசை முழுவதிலும் தரம் இறங்காமல் நிற்பது இதனால்தான்.

4. விசைக் கருவிகள்

பார்வையற்றவரான ஹெல்முத் வால்கா ஆர்கன் படைப்புகளை நினைவிலிருந்தே வாசித்து இரு முறை பதிந்தார். முதற்பதிவு 1947இல் தொடங்கியது, இரண்டாவது 1971இல் முடிந்தது. 1980களில் வெளிச்சத்துக்கு வந்த நாய்மைஸ்டர் கோரல்கள் இரண்டிலும் இருக்க வழியில்லை.

'ஃபியூக் கலை' முற்றுப்பெறாமல் நின்ற படைப்பு. எந்தக் கருவிக்கு என்ற குறிப்பும் இல்லை. ஆர்கனில் வால்காவும் ஹார்ப்சிகார்டில் லியோன்ஹார்ட்டும் தந்தவற்றில் எதை விட முடியும்? குரலிசைப் படைப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. மேக்னிஃபிகாட் ஈ-ஃபிளாட்டிலும் டி மேஜரிலும் இரண்டு வடிவங்களில் உள்ளது. யோவான் பாஷனைப் பாக் பலமுறை திருத்தினார். மாற்று வடிவங்களையும் ஒரே படைப்பின் வேறு வேறு பதிவுகளையும் சேர்த்துக்கொண்டதுதான் 'பாக் 333' பருத்ததற்குப் பெருங்காரணம்.

5. தெரிவு

பெட்டி வாங்குவதானால் முதலில் அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டின் பட்டியல்தான் உள்ளே இருக்கும். அடுத்து, பாடல் வரிகளும் மொழிபெயர்ப்பும் அச்சில் உண்டா என்று பாருங்கள். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மன் அறியாதவருக்கு வரிகள் இல்லாத கன்டாட்டா பாதிக் கன்டாட்டாவே.

என் தீர்ப்பு: வகை வாரியாகச் சேர்ப்பதே மேல். கன்டாட்டாக்களுக்குச் சுசுகியை முதலிலும், ஹர்னோன்கூர்ட்–லியோன்ஹார்ட் வரிசையை அடுத்தும் வாங்கலாம். ஆர்கனுக்கு வால்காவின் இரண்டாம் பதிவு. விடுபட்ட கோரல்களுக்கு வேறொருவரின் தட்டு. 222 குறுந்தகடுகளின் பெட்டியை ஏதாவது நூலகம் வாங்கட்டும்.