அலையிலும் முறைத் தண்ணீர்

எனக்குத் தெரிந்த நீச்சல் கண்மாய் நீச்சல். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவன் இல்லை. அப்படிப்பட்ட ஆள் அலைச்சறுக்கைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என் சகலை சிரிப்பார். சிரிக்கட்டும். இது கடலைப் பற்றியது என்பதைவிட முறையைப் பற்றியது. பொதுப்பணித் துறையில் கண்மாய், மடை, வாய்க்கால் என்று முப்பது வருஷம் அலைந்தவனுக்கு முறை என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஹவாய்த் தீவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜனவரி மாதம். ஹொனலுலுவிலிருந்து மாப்பிள்ளை காரில் வடகரைக்கு அழைத்துப் போனார். ஓவாஹு தீவின் வடக்கே ஏழு மைல் நீளத்துக்குக் கடற்கரை; உலகத்தில் அலை ஏறுகிறவர்களுக்கு அதுதான் காசி. கோடையில் குளம் மாதிரி கிடக்குமாம். குளிர்காலத்தில் வட பசிபிக்கில் எங்கோ புயல் வீசினால் இங்கே மாடி வீட்டு உயரத்துக்கு அலை எழும்பும். கரையில் நின்றாலே காலடி மண் அதிர்வது தெரிந்தது.

சன்செட் என்ற இடத்தில் ஒரு காட்சி. பொன்னிறத் தலைமுடியோடு ஒரு பையன் தண்ணீரிலிருந்து வெளியே வந்தான். பின்னாலேயே நரைத்த தாடியோடு உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். கையை ஓங்கவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பையன் தலையைக் குனிந்தபடி பலகையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. "கடல் என்ன இவர் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றேன்.

"இல்ல மாமா, அந்தப் பையன் முறை தவறிட்டான்" என்றார் மாப்பிள்ளை.

முறை! அந்த வார்த்தையை அங்கே கேட்பேன் என்று நினைக்கவில்லை.

மாப்பிள்ளை விளக்கினார். அலை முழுசாக ஒரே நேரத்தில் உடைவதில்லை. ஓரிடத்தில் நுரை தள்ள ஆரம்பித்து, அங்கிருந்து பக்கவாட்டில் உடைந்துகொண்டே போகும். உடைய ஆரம்பிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. ஓர் அலைக்கு ஓர் ஆள். அவர் ஏறிவிட்ட பிறகு முன்னால் இன்னொருவன் பாய்ந்து ஏறினால் மோதல்தான். பலகையின் அடியில் துடுப்பு கத்தி மாதிரி இருக்கும். தண்ணீருக்கு அடியில் எரிமலைப் பாறை. உயிர் போன சம்பவங்கள் உண்டு. இதெல்லாம் பாதுகாப்புக்கான முறை. இதற்கு மேல் எழுதாத முறை ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவன் ஓரமாக இருந்து கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பெரியவர்கள் எடுத்தது போக மிஞ்சிய அலையில் ஏற வேண்டும். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கக் கூடாது. முக்கியமாக, பெருமையடிக்கக் கூடாது.

பெருமையடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தீவில் ஒரு சரித்திரமே இருக்கிறது. மகள் வீட்டுப் பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்து படித்தது அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அலைச்சறுக்கு ஹவாய்க்காரர்களின் சொந்தக் கலை. ராஜாக்களுக்கென்று நீண்ட பலகை, குடிமக்களுக்குக் குட்டைப் பலகை என்று வைத்து ஆடியவர்கள் அவர்கள். 1778ல் குக் என்ற ஆங்கிலேய மாலுமி அங்கே போனபோது ஜனத்தொகை லட்சக்கணக்கில் இருந்தது. வெளியிலிருந்து வந்த நோய்கள் வாரிக்கொண்டு போனதில் 1890களில் ஏறத்தாழ 40,000 பேர்தான் மிச்சம். 1893ல் அமெரிக்க வியாபாரிகள் சேர்ந்து லிலியுவோகலானி ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898ல் நாடே அமெரிக்காவுக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழியும் போனது. நிலம் போய், ராஜ்ஜியம் போய், மொழியும் போன பிறகு அவர்கள் கையில் மிஞ்சியது அலை ஒன்றுதான்.

அதையும் அவர்கள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. டியூக் கஹனமோகு என்பவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். அவர் 1914 கடைசியில் ஆஸ்திரேலியா போனார். சிட்னி பக்கம் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடற்கரையில், அங்கேயே கிடைத்த மரத்தில் பலகை செதுக்கி, அலையில் ஏறிக் காட்டினார். கரையில் கூட்டம் திரண்டு நின்று பார்த்தது. அந்தப் பலகையை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

இனி அறுபது வருஷம் தாண்டி 1975க்கு வருவோம். அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஒரு வாலிபர் கூட்டம் வடகரைக்கு வந்தது. ராபிட் என்று செல்லப்பெயர் கொண்ட வெய்ன் பார்த்தலோமியு, இயன் கெய்ர்ன்ஸ், மார்க் ரிச்சர்ட்ஸ், பீட்டர் டவுன்எண்ட், டர்பன் நகரத்து ஷான் டாம்சன். எல்லாருக்கும் இருபது வயசுதான் இருக்கும். பயம் தெரியாத பையன்கள். அந்தப் பருவத்துப் பெரிய போட்டிகளை வாரிக்கொண்டு போனார்கள். ஜெயித்ததில் யாருக்கும் கோபமில்லை. ஊருக்குப் போய், நாங்கள்தான் இனி உலகத்திலேயே பெரிய ஆட்கள், ஹவாய்க்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் முழங்கினார்கள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தோம் என்கிற பொருளில் தலைப்புப் போட்டு ராபிட் ஒரு கட்டுரையே எழுதினார்.

சொல்லக் கூடாத நேரத்தில் சொன்னார்கள். அந்த 1976ல்தான் ஹவாய் மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். தங்கள் முன்னோர் மாதிரி நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் மட்டும் பார்த்து ஹோகுலேயா என்ற இரட்டைத் தோணியில் தஹிதி தீவு வரை போய்ச் சேர்ந்த வருஷம் அது. ராணுவம் குண்டு போட்டுப் பழகிய கஹோஒலாவே தீவில் இறங்கிப் போராடியதும் அதே வருஷம். வடகரையில் கறுப்பு அரைக்கால் சட்டை போட்ட உள்ளூர் இளைஞர்கள் சங்கம் கட்டியிருந்தார்கள். போட்டி நடத்துகிற கம்பெனிகள் நல்ல அலைகளையெல்லாம் நாள் கணக்கில் வளைத்துப் போட்டால் ஊர்க்காரன் எங்கே போவான் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அந்த வருஷக் குளிர்காலத்துக்கு ராபிட் திரும்ப வந்தார். சன்செட்டில் தண்ணீரில் வைத்தே அடித்தார்கள். பல் போனது. கொல்லாமல் விட மாட்டார்கள் என்று பேச்சு. புதரில் ஒளிந்து, பிறகு கெய்ர்ன்ஸோடு ஒரு ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். இந்த அடிதடியை நான் நியாயப்படுத்த மாட்டேன். வாய்த்துடுக்குக்குப் பல்லை உடைப்பது எந்த ஊர் முறையும் இல்லை.

இந்த இடத்தில்தான் எடி ஐகாவ் வருகிறார். வடகரைக்கு நியமிக்கப்பட்ட முதல் உயிர்காப்பாளர். வைமேயா வளைகுடா அவர் காவல். நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துக் கரை சேர்த்தவர். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்று பார்த்தா இழுக்க முடியும்?

அவருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் போட்டிக்காக டர்பன் போனார். நிறவெறிச் சட்டம் அமலில் இருந்த காலம். தோல் கறுப்பு என்று ஓட்டலில் இடம் இல்லை என்றுவிட்டார்கள். அவரைத் தங்கள் வீட்டில் தங்க வைத்தது ஷான் டாம்சனின் குடும்பம். அந்த ஷான் டாம்சன்தான் இப்போது அடி வாங்கப் பயந்து நிற்கிற கூட்டத்தில் ஒருவர்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியாகப் போன இடத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவன், தன் ஊருக்கு வந்த விருந்தாளிக்காகப் பேசப் போகிறான்.

எடி நேரே அந்த ஓட்டலுக்குப் போனார். நீங்கள் பேசியது யாரைக் காயப்படுத்தியிருக்கிறது என்று பையன்களுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு அதே ஓட்டல் அரங்கத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டினார். ஹோஓபொனோபொனோ என்பது அவர்கள் வழக்கம். மனத்தாங்கல் உள்ளவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளதைக் கொட்டி, சரிசெய்துகொள்வது. அந்த மாதிரி ஒரு கூட்டம். ஊர்க்காரர்கள் தங்கள் ஆத்திரத்தையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். பையன்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். கொலைப் பேச்சு அடங்கியது. ராபிட் 1978ல் உலக சாம்பியன் ஆனார். டாம்சன் அதற்கு முந்தின வருஷமே ஆகிவிட்டார்.

படித்தபோது எனக்கு 1980களில் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய் ஞாபகத்துக்கு வந்தது. வெளியூரிலிருந்து வந்து ஆயக்கட்டில் நிலம் வாங்கிய ஒருவர், ராத்திரியில் தானாகவே மடையைத் திறந்துவிட்டார். விடிந்ததும் மண்வெட்டியோடு இரண்டு தரப்பும் நிற்கிறது. நான் புதுசு, சட்டப் புத்தகத்தை நீட்டிப் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. நீர்பாய்ச்சிக் கிழவர் ஒருவர் வந்தார். நிலம் வாங்கியவரிடம், "ஐயா, போன வருஷம் வரத்துக்கால் வெட்ட நீங்க வரல. இந்த வருஷம் ஆள் அனுப்புங்க. தண்ணி தானா வரும்" என்றார். ஊர்க்காரர்களிடம் திரும்பி, "அவரும் கஞ்சிதானப்பா குடிக்கணும்" என்றார். முடிந்தது. புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது.

எல்லா இடத்திலும் உள்ளூர்க்காரன் பக்கம் நியாயம் இருக்கும் என்று சொல்லவும் மாட்டேன். கலிபோர்னியாவில் லுனாடா பே என்று ஓர் இடம். பணக்காரக் குடியிருப்பு. அங்கே அலை ஏற வந்த வெளியாட்களைப் பல வருஷமாகக் கல்லெறிந்து விரட்டினார்கள். உட்கார்ந்து கூத்தடிக்கக் கரையில் கல்லிலேயே ஓர் அரண் கட்டியிருந்தார்கள். 2016ல் வழக்கு வந்தது, அந்த அரணும் இடிக்கப்பட்டது. நாட்டைப் பறிகொடுத்தவன் கோபமும் பங்களாக்காரன் கோபமும் ஒரே தட்டில் வைக்கிறது இல்லை. நம் கோவளத்தில் மீனவப் பிள்ளைகளே பலகையைக் கொடுத்து வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள், அதையும் பார்க்கிறோம்.

எடியின் முடிவு சோகமானது. 1978 மார்ச்சில் ஹோகுலேயா மறுபடி தஹிதிக்குக் கிளம்பியது. எடியும் ஏறினார். அன்று ராத்திரியே மொலோகாய் கால்வாயில் தோணி கவிழ்ந்தது. மறுநாள், உதவி கொண்டுவருகிறேன் என்று தன் அலைப்பலகையில் படுத்து லானாய்த் தீவை நோக்கித் துழாவிக்கொண்டு போனார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் கிடைக்கவேயில்லை. வயது 31.

அவர் பெயரில் வைமேயாவில் போட்டி ஒன்று உண்டு. அலை பிரம்மாண்டமாக எழுந்தால்தான் நடத்துவார்கள். நாற்பது வருஷத்தில் பத்துப் பதினொரு தடவை நடந்திருந்தால் அதிகம். 2023 ஜனவரியில் நடந்தபோது பல நாட்டுக்காரர்கள் வந்தார்கள். முதன்முறையாகப் பெண்களும் ஏறினார்கள். ஜெயித்தவர் லூக் ஷெப்பர்ட்சன், வடகரையின் உயிர்காப்பாளர்களில் ஒருவர். அன்று அவருக்கு வேலை நாள். தன் முறை வந்தபோது கேட்டுக்கொண்டு போய் அலையில் ஏறினார். இறங்கியதும் காவல் கோபுரத்துக்கே திரும்பிவிட்டார்.