வலிப்பு நோய்

காக்கை வலிப்பு, இழுப்பு, ஃபிட்ஸ் என்றெல்லாம் சொல்லப்படும் இந்நோயில், மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாகிறது. கை கால் வெட்டி இழுக்கலாம். சிலர் சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவதோடு சரி. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கிறது. தொற்றாது.

பாபிலோனியக் களிமண் பலகைகள் இதைப் பேய்களின் வேலை என்றன. சரக சம்ஹிதை அபஸ்மாரம் எனப் பெயரிட்டு மருந்து சொன்னது. தமிழில் இது முயலகன் நோய். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளைப் பற்றிய முயலகனைச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். கி.மு. 400ஐ ஒட்டி, ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று, இதில் தெய்வச் செயல் ஏதுமில்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று துணிந்து எழுதியது. அந்த உண்மை மருந்தாக மாற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1857இல் லண்டனில் சார்லஸ் லோக்காக் புரோமைடின் பயனை அறிவித்தார். 1873இல் ஹியூலிங்ஸ் ஜாக்சன் நோயின் மின்தன்மையை விளக்கினார். தூக்க மருந்தாக வந்த ஃபீனோபார்பிட்டால் வலிப்பையும் அடக்குவதை 1912இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் கண்டார். விலை மலிவான அம்மருந்து இன்றும் பயன்படுகிறது. 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், இ.இ.ஜி. பிறந்தது. 1938இல் ஃபெனிட்டாயின் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

சமூகம் இவ்வளவு வேகமாக மாறவில்லை. அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்தார்கள். அந்தச் சொல்லை நீக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொடுமையான தாமதம்.

பேருந்து நிலையத்தில் ஒருவர் விழுந்தால் இன்றும் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறோம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும்; அதற்குள் கையில் திணித்த இரும்புக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. செய்ய வேண்டியது வேறு. கூட்டத்தை விலக்கி, கூரான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ விரலோ வேண்டாம். பல் உடையும், மூச்சு அடைக்கும். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, கூடவே இருங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, முதல் வலிப்பு என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ, அடிபட்டிருந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த விடாதீர்கள்.