ஆத்மாவின் காரியஸ்தர்

உயில் எழுதும் பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். யமனுக்கு நாமே கடுதாசி போட்டு வரவழைப்பதாக ஒரு நினைப்பு. ஆல்பிரட் நோபலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 1889-ல் ஓர் உயில், 1893-ல் இன்னொன்று, இரண்டையும் தள்ளிவிட்டு 1895 நவம்பர் 27-ந் தேதி பாரிஸில் கடைசியாக ஒன்று.

டைனமைட்டைக் கண்டுபிடித்துக் கோடீசுவரரான இந்த ஸ்வீடன்காரருக்கு வக்கீல்கள் என்றால் ஆகாது. ஆகையால் எவரையும் கலக்காமல் தம் கைப்படவே எழுதி, நான்கு சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டார். உறவினருக்குச் சிறு தொகைகள் போக, மூன்று கோடிக் குரோனருக்கு மேற்பட்ட பாக்கிச் சொத்து முழுவதையும் முதலாக்கி, அதன் வட்டியை மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றார். பரிசுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்க ஸ்வீடனில் மூன்று ஸ்தாபனங்களையும் நார்வேயின் பார்லிமெண்டையும் குறிப்பிட்டார். அவர்களில் ஒருவரையாவது முன்கூட்டிக் கேட்டாரா? இல்லை. அத்தனை பணத்தையும் வைத்து நிர்வகிக்கப் போவது யார்? அதையும் எழுதவில்லை. தாம் இறந்ததும் ரத்த நாளங்களை அறுத்து, உயிர் போய்விட்டதென்று டாக்டர்கள் உறுதி சொன்ன பிறகே தகனம் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் எழுதினார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று அவருக்கு ஒரு பயம்!

1896 டிசம்பர் 10-ந் தேதி இத்தாலியில் ஸான் ரெமோவில் அவர் காலமானார். மனைவி மக்கள் கிடையாது. ஐந்தாறு பாஷைகள் பேசிய அந்த மனிதருக்குக் கடைசியில் தாய்மொழி ஒன்றுதான் நாவில் நின்றது. பக்கத்தில் இருந்த வேலைக்காரர்களுக்கோ அது புரியவில்லை.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஸோல்மன், லில்யெக்விஸ்ட் என்ற இரண்டு எஞ்ஜினீயர்கள் தலையில் விழுந்தது. முன்னவர் நோபலின் உதவியாளர், வயது 26. எஜமானர் தம்மை நியமித்திருக்கிறார் என்பதே அவர் இறந்த பிறகுதான் அந்தப் பையனுக்குத் தெரியும். பிரெஞ்சுக் கோர்ட்டு தலையிட்டுவிடுமுன் பாரிஸில் இருந்த பத்திரங்களை வெளியே அனுப்பியாக வேண்டும். பாங்கியிலிருந்து எடுத்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு, கையில் ரிவால்வருடன் ஸ்வீடனின் கான்ஸல் காரியாலயத்துக்குப் போனார் ஸோல்மன். அங்கிருந்து கட்டுக் கட்டாக லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அனுப்பினார். கதையில் எழுதினால், "ஆனாலும் ஆசிரியருக்குக் கற்பனை அதிகம்" என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

மூத்த அண்ணன் ராபர்ட்டின் மக்கள் வழக்குக்குப் போனார்கள். மன்னர் ஆஸ்கருக்கும் உயில் பிடிக்கவில்லை. இன்னொரு அண்ணனின் மகன் எம்மானுவலை அழைத்துப் பேசினார். எம்மானுவலுக்கும் கவலை இல்லாமல் இல்லை. ரஷ்யாவில் பாகு எண்ணெய்க் கம்பெனியை நடத்தி வந்தவர் அவர். உயிலை நிறைவேற்றினால் அந்தக் கம்பெனியில் சித்தப்பாவுக்கு இருந்த பங்குகளையும் விற்றாக வேண்டும். கம்பெனியே ஆட்டங்கண்டாலும் காணும். ஆனால், விஞ்ஞானிகளுக்குச் சேர வேண்டியதைத் தட்டிப் பறித்தார்கள் என்ற பழி என் குடும்பத்துக்கு வர வேண்டாம் என்று மன்னரிடமே சொல்லிவிட்டார். இந்த எம்மானுவல்தான் முன்பு ஸோல்மனிடம் ஒரு ரஷ்யச் சொல்லை எடுத்துச் சொன்னவர். உயிலை நிறைவேற்றுபவருக்கு அந்த மொழியில் 'ஆத்மாவின் காரியஸ்தர்' என்ற பொருள்படப் பெயராம். அந்தச் சொல்லை மனத்தில் வைத்து நடந்துகொள்ளும்படி இளைஞரைக் கேட்டுக்கொண்டார்.

1898-ல் உறவினர்களோடு ராஜி ஏற்பட்டது. கேட்காமலே பொறுப்பு சுமத்தப்பட்ட ஸ்தாபனங்களைச் சம்மதிக்க வைத்து, பணத்தை நிர்வகிக்க ஒரு ஸ்தாபனத்தைப் புதிதாக ஏற்படுத்தி, அதன் விதிகளுக்கு மன்னரின் அங்கீகாரம் பெறுவதற்குள் 1900 ஜூன் ஆகிவிட்டது. முதல் பரிசுகளை 1901-ல் வழங்கினார்கள். ஒரு வக்கீலை ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்திருந்தால் இதில் பாதித் தொல்லை குறைந்திருக்கும். ஆனால் ஸோல்மனைப் போன்ற ஒருவரைப் பொறுக்க எந்த வக்கீலால் முடியும்?

அந்த ஸோல்மன் 1929 முதல் 1946 வரை நோபல் ஸ்தாபனத்தின் நிர்வாகியாக இருந்தார். 1948-ல் இறந்தார். உயிலின் கதையை அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் 1950-ல் வெளிவந்தது.