தானுந்துச் சக்கரத் துப்புரவு நீர்மங்கள்

தானுந்துச் சக்கரத் துப்புரவு நீர்மம் என்பது தானுந்துகளின் சக்கரங்களில் படியும் பிரேக் தூசி, சாலை அழுக்கு, தார், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை நீக்கப் பயன்படும் வேதிக் கலவை ஆகும். இவை வீட்டுப் பயன்பாட்டிற்கான தெளிப்புப் புட்டிகளாகவும், வண்டி கழுவும் நிலையங்களுக்கான செறிவு மிக்க கலன்களாகவும் விற்கப்படுகின்றன. பெயரும் புட்டியின் தோற்றமும் ஒன்றுபோல் இருப்பினும் உட்பொருள்களில் பெரும் வேறுபாடு உண்டு. சில நீர்மங்கள் பாத்திரம் கழுவும் சவர்க்காரக் கரைசலை ஒத்தவை. சில, சக்கரத்தின் மேற்பரப்பை அரிப்பவை. இன்னும் சில, கையாளுபவரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியவை. எனவே சக்கரத்தின் உலோகம், அதன் மேற்பூச்சு, நீர்மத்தின் உட்பொருள் ஆகிய மூன்றையும் அறிந்தே இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சக்கரத்தில் படியும் அழுக்கு

தானுந்தின் மற்றப் பகுதிகளைவிடச் சக்கரம் விரைவில் கறுப்பதற்குக் காரணம் பிரேக் தூசி ஆகும். பெரும்பாலான தானுந்துகளில் பிரேக் வட்டு வார்ப்பிரும்பால் ஆனது. பிரேக்கை அழுத்தும்போது பிரேக் பேடு இவ்வட்டின் மீது உராய்கிறது. அப்போது இரண்டிலிருந்தும் நுண்துகள்கள் தேய்ந்து வெளியேறுகின்றன. இவற்றில் இரும்பு, கிராபைட்டு, பேரியம் சல்பேட்டு, பிசின் முதலியவை காணப்படும். சூடான இரும்புத் துகள்கள் சக்கரத்தின் பூச்சில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கின்றன. சில வாரங்கள் கழுவாமல் விட்ட சக்கரத்தில் தோன்றும் செம்பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் சக்கரத்தின் துரு அல்ல. இத்துகள்களின் துருவே ஆகும்.

வண்டியை நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கர பிரேக்குகளே கூடுதல் வேலை செய்கின்றன. ஆகவே முன்சக்கரங்களில் தூசி மிகுதியாகப் படிகிறது. மின்தானுந்துகளில் வேகத்தைக் குறைக்கும் பணியின் பெரும்பகுதியை மின்னோடியே செய்வதால் இத்தூசி குறைவு.

சக்கரத்தின் வகையும் மேற்பூச்சும்

இன்றைய தானுந்துகளில் அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலப்புலோகச் சக்கரங்கள் பரவலாக உள்ளன. எஃகுச் சக்கரங்களும் வழக்கில் உள்ளன. அலுமினியச் சக்கரங்களில் பெரும்பாலானவை வண்ணம் பூசப்பட்டு, அதன்மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சையும் பெற்றவை. இப்பூச்சு சிதையாதவரை துப்புரவு நீர்மம் உலோகத்தைத் தொடுவதில்லை. பூச்சில் கல் பட்டுச் சிறு வெடிப்பு ஏற்பட்டாலும் நீர்மம் அதன் வழியே உட்புகுந்து, பூச்சின் அடியில் அரிப்பைத் தொடங்கி வைக்கலாம்.

பூச்சு ஏதுமின்றி மெருகேற்றப்பட்ட அலுமினியம் மிகுந்த கவனத்துக்குரியது. அலுமினியத்தின் மீது இயல்பாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதனைக் காக்கிறது. இப்படலம் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையான பி.எச். எல்லைக்குள் நிலைத்திருக்கும். அதற்குக் கீழே அமிலத்திலும், மேலே காரத்திலும் கரைந்துவிடும். அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும் இவ்வியல்பு ஈரியல்பு எனப்படும். சோடியம் ஐதராக்சைடு கரைசல் பட்டால் அலுமினியம் ஐதரசன் வளிமத்தை வெளியிட்டுக் கரைகிறது. பளபளத்த பரப்பு வெண்மை கலந்த மங்கலான நிறம் அடைகிறது. இந்தக் கறையைக் கழுவி நீக்க இயலாது, மீண்டும் மெருகேற்றவே வேண்டும். மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் தடிப்பாக்கப்பட்ட அலுமினியமும் காரத்தால் விரைவில் கெடும்.

குரோமிய முலாம் பூசிய சக்கரங்களுக்கு ஐதரோகுளோரிக் அமிலம் பகை. கழிவறைத் துப்புரவு நீர்மங்கள் பலவற்றில் இவ்வமிலம் இருப்பதால் அவற்றைச் சக்கரத்துக்குப் பயன்படுத்துவது தவறாகும். அடுப்புத் துப்புரவு நீர்மங்களில் காரம் மிகுந்திருக்கும் என்பதால் அவையும் அலுமினியத்துக்கு ஏற்றவையல்ல. பந்தய வண்டிகளில் காணப்படும் மக்னீசியச் சக்கரங்கள் அமிலத்தால் மிக விரைவாக அரிக்கப்படுகின்றன.

நீர்மங்களின் வகைகள்

மென்மையானவை, புறப்பரப்புச் செயலிகளைக் கொண்ட சவர்க்காரக் கரைசல்கள் ஆகும். அடிக்கடி கழுவப்படும் சக்கரத்திற்கு இவையும் மென்தூரிகையும் நீரும் போதும். வண்டியின் உடற்பகுதியைக் கழுவும் சாம்பூவையும் பயன்படுத்தலாம். உண்மையில் கடுமையான நீர்மங்கள் தேவைப்படுவது நெடுநாள் கழுவாமல் விட்டதன் விளைவாகவே இருக்கும்.

இரும்பு நீக்கி எனப்படும் வகையில் தயோகிளைக்கோலிக் அமிலத்தின் சோடியம் அல்லது அமோனியம் உப்பு உள்ளது. இது இரும்புடன் சேர்ந்து கரையக்கூடிய அணைவுச் சேர்மத்தைத் தருகிறது. அச்சேர்மம் செவ்வூதா நிறமானது. தெளித்த சில மணித்துளிகளில் சக்கரத்தில் ஊதாநிற நீர் வடிவது இதனால்தான். அது நீர்மம் இரும்போடு வினைபுரிவதைக் காட்டுமேயன்றி, எல்லா அழுக்கும் நீங்கியதாகப் பொருள்படாது. தலைமுடியைச் சுருளாக்கவும் முடியை அகற்றவும் பயன்படும் பொருள்களிலும் தயோகிளைக்கோலேட்டு உப்புகள் உண்டு. இரண்டிலும் வீசும் கந்தக வாடை ஒன்றே. இவ்வகை நீர்மங்கள் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டிய பி.எச். மதிப்புடையவை. எனினும் தோலில் எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாக்கலாம் என்பதால் கையுறை தேவை.

கார வகை எண்ணெய்ப் பிசுக்கை நன்கு நீக்கும். பாசுபாரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைக் கொண்ட அமில வகை துருவைக் கரைக்கும். இவற்றை வெளிறிய நீர்மத்துடன், அதாவது சோடியம் ஐப்போகுளோரைட்டுடன், ஒருபோதும் கலத்தல் கூடாது. அமிலத்துடன் அது நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளிமத்தை வெளியிடும்.

ஐதரோபுளோரிக் அமிலம்

சக்கரத் துப்புரவில் மிகுந்த ஆபத்து ஐதரோபுளோரிக் அமிலத்தாலும், அதனை நீரில் வெளியிடும் அமோனியம் பைபுளோரைடு என்னும் உப்பாலும் விளைகிறது. சாலை அழுக்கையும் அலுமினிய ஆக்சைடையும் இவை விரைவாகக் கரைப்பதால், 'அலுமினியம் பளபளப்பாக்கி' என்னும் பெயரில் சரக்குந்து, தானுந்து கழுவும் நிலையங்களில் பயன்பட்டு வந்துள்ளன.

வேதியியல் பாடநூல்கள் ஐதரோபுளோரிக் அமிலத்தை மென் அமிலம் என்றே வகைப்படுத்துகின்றன. நீரில் முழுமையாக அயனியாகப் பிரிவதில்லை என்பதே இதன் பொருள்; தீங்கு குறைவு என்பது அல்ல. அயனியாகப் பிரியாத அதன் மூலக்கூறுகள் தோலை எளிதில் ஊடுருவுகின்றன. உட்புகுந்த புளோரைடு, உடலிலுள்ள கால்சியத்துடனும் மக்னீசியத்துடனும் இணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. திசுக்கள் ஆழமாகச் சிதைகின்றன. குருதியில் கால்சியத்தின் அளவு வீழ்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலைந்து இறப்பும் நேரலாம்.

செறிவு குறைந்த கரைசல் தோலில் பட்டவுடன் வலிப்பதில்லை. 20 விழுக்காட்டிற்கும் குறைவான செறிவில் வலியும் சிவப்பும் தோன்ற 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் புளோரைடு ஆழச் சென்றிருக்கும். வேலை முடிந்து வீடு சென்றபின் இரவில் விரல் நுனிகளில் கடும் வலி தொடங்குவது இதன் அறிகுறிகளுள் ஒன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வாசிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை வண்டி கழுவும் பணியோடு தொடர்புடைய 48 ஐதரோபுளோரிக் அமிலப் புண் நிகழ்வுகள் பதிவாயின. அவர்களுள் எழுவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருவருக்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. இவை தவிர, சரக்குந்து கழுவும் பணியாளர் ஒருவர் இவ்வமிலம் கலந்த நீர்மத்தை உட்கொண்டதால் உயிரிழந்தார். இவ்விவரங்களை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015 இல் வெளியிட்டது. தீங்கு குறைந்த மாற்றுப் பொருள்களைக் கண்டறிய வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறியது.

இவ்வமிலம் தோலில் பட்டால், பட்ட ஆடைகளைக் களைந்து உடனே ஓடும் நீரில் நன்கு கழுவ வேண்டும். பின்னர் 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட்டு களிம்பைத் தேய்ப்பது வழக்கமான முதலுதவி. வலி இல்லாவிடினும் மருத்துவரை நாடுவது இன்றியமையாதது. புட்டியையோ அதன் சிட்டையையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். புளோரைடு என்று அறியாத மருத்துவர் இதனைச் சாதாரண அமிலப் புண்ணாகக் கருதிவிடலாம். எனவே வீட்டுப் பயன்பாட்டிற்கு இவ்வகை நீர்மங்களை வாங்காதிருப்பதே தகும்.

சிட்டையைப் படித்தல்

புட்டியின் முகப்பில் உள்ள 'பாதுகாப்பானது', 'எல்லாச் சக்கரங்களுக்கும் ஏற்றது' போன்ற சொற்கள் விளம்பரச் சொற்களே. 'அமிலம் அற்றது' என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்தலும் கூடாது. அமிலம் அற்ற நீர்மம் கடும் காரமாக இருக்கலாம். பி.எச். மதிப்பும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது உலோகத்திற்கான ஆபத்தை ஓரளவு காட்டும். புளோரைடின் நச்சுத்தன்மையைக் காட்டாது.

நம்பத்தக்க ஆவணம், தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஆகும். ஐக்கிய நாடுகள் அவை 2003 இல் முதன்முதலாக வெளியிட்ட உலகளாவிய ஒத்திசைவு வகைப்பாட்டின்படி இத்தாள் 16 பிரிவுகளைக் கொண்டது. அதன் 2ஆம் பிரிவு ஆபத்துகளையும், 3ஆம் பிரிவு உட்பொருள்களையும், 4ஆம் பிரிவு முதலுதவியையும், 9ஆம் பிரிவு பி.எச். உள்ளிட்ட இயற்பியல், வேதியியல் பண்புகளையும் தரும். ஒரே பொருள் பல பெயர்களில் வழங்கக் கூடும் என்பதால் 'காஸ்' பதிவெண்ணைத் தேடுவது எளிய வழி. ஐதரோபுளோரிக் அமிலத்தின் எண் 7664-39-3. அமோனியம் பைபுளோரைடின் எண் 1341-49-7. சோடியம் ஐதராக்சைடின் எண் 1310-73-2. சிட்டையில் 'எச்290' என்றிருந்தால் உலோகத்தை அரிக்கக் கூடியது என்றும், 'எச்314' என்றிருந்தால் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும் என்றும் பொருள்.

பயன்படுத்தும் முறை

சக்கரம் சூடாக இருக்கும்போது தெளித்தால் நீர்மம் விரைவில் உலர்ந்து செறிவு கூடிக் கறையை விட்டுச் செல்லும். வண்டியை நிழலில் நிறுத்தி, பிரேக் ஆறியபின், முதலில் வெறும் நீரால் தளர்ந்த துகள்களை அகற்ற வேண்டும். இல்லையெனில் தூரிகை அத்துகள்களையே பூச்சின் மீது தேய்த்துக் கீறல் உண்டாக்கும். புதிய நீர்மத்தைச் சக்கரத்தின் உட்புறத்தில் சிறு பகுதியில் தெளித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு சக்கரமாகத் தெளித்து, சிட்டையில் குறித்த நேரத்துக்குள் முற்றிலும் கழுவுதல் வேண்டும்.

கழுவிய நீர்

கழுவிய நீரில் துப்புரவு நீர்மம் மட்டுமன்றி பிரேக் தூசியின் உலோகங்களும் கலந்துள்ளன. மழைநீர் வடிகால்கள் பல ஊர்களில் தூய்மிப்பு ஏதுமின்றி ஆற்றிலோ கடலிலோ சேர்கின்றன. பிரேக் பேடுகளில் உள்ள செம்பு நீர்வாழ் உயிர்களைப் பாதிப்பதால் வாசிங்டன், கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2010 இல் அதனைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஏற்றுக்கொண்ட யூரோ 7 ஒழுங்குவிதி, புகைபோக்கியின் புகைக்கு மட்டுமன்றி பிரேக்கிலிருந்து வெளியேறும் துகள்களுக்கும் முதன்முறையாக வரம்பு விதித்தது.