பெருமூச்சுக்கு ஒரு விலை

அழகுப் பொருள்களின் விளம்பரம், நம் வீட்டுக்குள் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் அச்சத்தைத் தட்டி எழுப்பியே பிழைக்கிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சின் வரலாறு இதற்குச் சான்று.

இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975-ஆம் ஆண்டு அதனை இந்தியாவில் அறிமுகம் செய்தது. பெண் பார்க்கும் சடங்கும், சிவந்த நிற மணமகளை நாடும் நாளிதழ் அறிவிப்புகளும் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தன. நிறுவனம் அவற்றைக் கடனாகப் பெற்றுக்கொண்டது.

தொலைக்காட்சியில் வந்த ஒரு விளம்பரம் பலருக்கு நினைவிருக்கலாம். வறுமையில் வாடும் தந்தை, தமக்கொரு மகன் இல்லையே எனப் பெருமூச்செறிகிறார். செவியுற்ற மகள் முகப்பூச்சைப் பூசி வெளுக்கிறாள்; விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தின் துயர் தீர்க்கிறாள். அந்தப் பெருமூச்சு நம் திண்ணைகளில் கேட்டுப் பழகியதே. ஆகவேதான் அம்பு தைத்தது.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை முறையிட்டது. 2003-இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. கருநிறத்தாரைத் தாழ்ந்தோராகக் காட்டலாகாது என 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020-இல் 'ஃபேர்' என்னும் சொல்லும் நீங்கி, 'க்ளோ அண்ட் லவ்லி' என்றாயிற்று.

பெயர் மாறிற்று. ஆயினும், "பெண் நல்லவள்தான், நிறம் சற்றுக் குறைவு" என்று தாழ்ந்த குரலில் இன்றும் சொல்பவர் யார்? நம் இல்லங்களில் அந்தக் குரல் அடங்கும்வரை, அதற்கு விலை குறிப்போர் வேறொரு பெயருடன் வந்துகொண்டேயிருப்பர்.